தம்பியின் கம்பனியில் ‘பெயருக்குப்’ பணிப்பாளராகலாமா?

கேள்வி இது: கொக்குவிலில் தம்பி ஹார்ட்வெயார் கடை நடத்துகிறார், கோப்பாயில் சீமெந்துக் கல் செய்யும் இடமும் உண்டு. பதினெட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். இவ்வளவு காலமும் பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவோடு ஓடியதை இப்போது பிறைவேட் லிமிட்டெட் கம்பனியாக மாற்றுகிறார். அக்காவையும் பணிப்பாளராகப் போடப் படிவம் 18 கொண்டுவந்திருக்கிறார். வங்கிக் கடனுக்கு அக்காவின் சீதனக் காணியையும் ஈடாகக் கேட்கிறார்கள். “சும்மா பெயருக்குத்தான், லிமிட்டெட் என்றபடியால் ஒன்றும் வராது” என்கிறார் தம்பி. கையெழுத்துப் போடலாமா?

தம்பி பொய் சொல்லவில்லை. பங்குதாரருக்கு உள்ள பாதுகாப்பைப் பணிப்பாளருக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். நூறு பங்கை பத்து ரூபாப்படி வாங்கிக் காசு கட்டிவிட்டால், கம்பனி எவ்வளவு கடனில் மூழ்கினாலும் பங்குதாரராக உங்களுக்குப் போவது அந்த ஆயிரம் ரூபாதான். ‘வரையறுத்த’ என்பது அந்தப் பொறுப்பைத்தான் வரையறுக்கிறது. பணிப்பாளர் என்பது பதவி. அதற்கென்று தனிக் கடமைகள் இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தில் இருக்கின்றன. பெயருக்குப் பணிப்பாளர், வேலை பார்க்கும் பணிப்பாளர் என்று அந்தச் சட்டம் யாரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. படிவம் 18 என்பது நீங்கள் பணிப்பாளராக இருக்கச் சம்மதிக்கிறீர்கள், அதற்குத் தகுதியற்றவர் அல்ல என்று நீங்களே கையொப்பமிட்டுக் கொடுக்கும் சான்று. பின்னாளில் “எனக்கு ஒன்றும் தெரியாது” என்று சொல்லும்போது முதலில் எடுத்துக் காட்டப்படும் கடதாசியும் அதுதான்.

தனியார் கம்பனிக்கு ஒரு பணிப்பாளர் போதும். ஆகவே சட்டத்துக்காக இரண்டாவது ஆள் தேவை என்று யாராவது சொன்னால் அது தவறு. வங்கிக்குத்தான் இரண்டாவது ஆள் தேவைப்படுகிறது, அதுவும் காணி வைத்திருக்கும் ஆள்.

கடமைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 187ஆம் பிரிவு கம்பனியின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு நடக்கச் சொல்கிறது. 188 சட்டத்தையும் கம்பனியின் அமைப்பு விதிகளையும் மீறாதே என்கிறது. 189 கண்மூடித்தனமாகவோ பாரதூரமான கவனயீனத்தோடோ நடக்காதே, உன் அறிவுக்கும் அனுபவத்துக்கும் ஏற்ற கவனம் எடு என்கிறது. நீங்கள் கணக்கியல் தெரியாதவர் என்றால் கணக்காளரிடம் எதிர்பார்க்கும் திறமையை உங்களிடம் எதிர்பார்க்க மாட்டார்கள். ஆனால் வருடக் கணக்கில் ஒரு கூட்டத்துக்கும் போகாமல், ஒரு வங்கிக் கூற்றையும் பார்க்காமல் இருந்ததைக் கவனம் என்று எந்த நீதிமன்றத்திலும் வாதிட முடியாது.

இவற்றை விட உங்களுக்கு நெருக்கமான ஆபத்து ஒரு வாசகத்தில் இருக்கிறது. தொழிற் சட்டம், பாவனையாளர் சட்டம், காசோலைக்கான சட்டம் என்று ஒன்றன் பின் ஒன்றாக அது திரும்ப வரும்: குற்றத்தைக் கம்பனி செய்திருந்தால், அந்த நேரத்தில் பணிப்பாளராக இருந்த ஒவ்வொருவரும் குற்றவாளியாகக் கருதப்படுவார், தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க உரிய கவனம் எடுத்தார் என்றோ அவர் நிரூபித்தால் மட்டும் தப்பலாம். வழக்குப் போடுபவர் உங்கள் குற்றத்தை நிரூபிக்கத் தேவையில்லை. நீங்கள்தான் உங்களை விடுவித்துக்கொள்ள வேண்டும், அதற்குக் கடதாசி வேண்டும்.

இது யாழ்ப்பாணத்துச் சிறு கம்பனிகளில் பெரும்பாலும் வெடிப்பது ஊழியர் சேமலாப நிதியில். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியரின் பங்கு 8%, முதலாளியின் பங்கு 12%. அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மட்டும் 3%. ஒரு மாதத்துக்கானதை அடுத்த மாதம் கடைசி வேலை நாளுக்குள் கட்ட வேண்டும். நாட்கூலி, தற்காலிகம், பயிற்சி என்று என்ன பெயர் வைத்தாலும் முதல் நாளிலிருந்தே இது உண்டு. கல் அச்சில் நிற்கிற பையனுக்கும் உண்டு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2026 ஜனவரியிலிருந்து தேசிய ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபா. பதினெட்டுப் பேருக்கும் அதுதான் சம்பளம் என்றே வைத்தாலும் சேமலாப நிதிக்கு ஆளுக்கு 6,000, நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 900. மாதம் 124,200 ரூபா. கடை மந்தமான மாதத்தில் முதலில் பின்தள்ளப்படுவது இந்தக் காசுதான், ஏனென்றால் வாசலில் வந்து கேட்க ஆள் இல்லை. பத்து நாளுக்குள் பிந்தினால் 5% மிகைக்கட்டணம். அது படிப்படியாக ஏறி, பன்னிரண்டு மாதம் தாண்டினால் 50%. சம்பளத்தில் கழிக்க மறந்த 8%ஐ பிறகு ஊழியரிடம் வாங்கவும் முடியாது, முழு 20%உம் கம்பனியின் தலையில். சம்பளத்தில் கழித்துவிட்டுக் கட்டாமல் விட்டால் இன்னும் மோசம்: பிறத்தியார் காசை எடுத்துச் செலவழித்ததாகத்தான் அதைப் பார்ப்பார்கள். தொழில் திணைக்களம் நிலுவைச் சான்றிதழோடு நீதவான் நீதிமன்றம் போனால், அந்தத் தொகையைத் தண்டப்பணம் போல அறவிடலாம். அழைப்பாணை கம்பனியின் பெயரோடு பணிப்பாளர்கள் பெயருக்கும் வரும்.

தம்பியின் வியாபாரத்தில் பதினைந்து பேருக்கு மேல் இருப்பதால் இன்னும் இரண்டு சட்டங்கள் சேர்கின்றன. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடம் நிறைந்தவர் விலகினால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். கடைசியாக 40,000 வாங்கிய, பத்து வருடம் நின்றவருக்கு இரண்டு இலட்சம். மற்றையது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம்: வியாபாரம் சரியில்லை என்று ஆட்குறைப்புச் செய்வதானால் ஊழியரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். தம்பி பழைய கடையிலிருந்து ஆட்களைக் கம்பனிக்கு மாற்றும்போது, பழைய சேவைக்காலத்தைக் கம்பனி ஏற்கிறதா என்பதைக் கடிதத்தில் எழுதி இரு பக்கமும் கையொப்பம் வைக்கச் சொல்லுங்கள். எழுதாமல் விட்டால் அந்தச் சண்டை நிச்சயம் ஒருநாள் வரும்.

அடுத்தது காசோலை. ஹார்ட்வெயார் வியாபாரமே திகதி முன்போட்ட காசோலையில்தான் ஓடுகிறது. சீமெந்துக்கும் கம்பிக்கும் முப்பது, நாற்பத்தைந்து நாள் தவணைக் காசோலை. கட்டட ஒப்பந்தக்காரர் தர வேண்டியது வந்தால்தான் அதற்குக் காசு இருக்கும். காசில்லை என்று தெரிந்துகொண்டு காசோலை எழுதுவது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் குற்றம். ஒரு வருடம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபா அல்லது காசோலைத் தொகையில் பத்து வீதம் இரண்டில் கூடியது தண்டம், அல்லது இரண்டும். வழக்கு நீதவான் நீதிமன்றத்தில் நடக்கும். வங்கிக் கணக்கை இருவர் கையொப்பத்தில் திறந்துவிட்டு, “அக்கா எப்பவும் வீட்டில இருக்க மாட்டா” என்று காசோலைப் புத்தகம் முழுக்க முன்கூட்டியே கையொப்பம் வாங்கி வைப்பது இங்கே சாதாரணம். அதை மட்டும் செய்யாதீர்கள். எந்தத் திகதியில், எந்தத் தொகைக்கு, கணக்கில் என்ன இருந்தபோது அந்தக் காசோலை போனது என்பது உங்களுக்கே தெரியாது; கையொப்பம் உங்களுடையது. இன்னொரு சிறிய விடயம்: காசோலையிலும் ஒப்பந்தத்திலும் கம்பனியின் பெயர் பதிவில் உள்ளபடி முழுதாக, ‘பிறைவேட் லிமிட்டெட்’ உட்பட இருக்க வேண்டும். பழைய கடை முத்திரையைக் குத்திக் கையொப்பமிட்டால் அந்தக் கடன் கம்பனியுடையதா கையொப்பமிட்டவருடையதா என்ற கேள்வி எழும். பழைய முத்திரைகளை எறிந்துவிடச் சொல்லுங்கள்.

இனி காணி. உங்கள் கேள்வியின் கனமான பகுதி இதுதான்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையும் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண மணவுரிமை, வழியுரிமைக் கட்டளைச் சட்டமும் உங்களுக்குப் பொருந்தினால், சீதனக் காணி உங்கள் தனிச்சொத்து. ஆனாலும் அசையாச் சொத்தை விற்கவோ ஈடுவைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. அவர் கைவிட்டுப் போயிருந்தால், இருக்கும் இடம் தெரியாவிட்டால், நியாயமில்லாமல் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தில் கேட்டு அந்தச் சம்மதத்துக்குப் பதிலான அனுமதியைப் பெறலாம். ஆகவே ஈட்டுறுதியில் கணவரும் ஒப்பமிடச் சொல்லி வங்கி கேட்பதில் வியப்பில்லை. கவனிக்க வேண்டியது வேறொன்று. ஈட்டுறுதியோடு சேர்த்து ஒரு தனிநபர் உத்தரவாதப் பத்திரமும் நீட்டுவார்கள். அதற்குக் கணவரின் சம்மதம் தேவையில்லை, நொத்தாரிசும் தேவையில்லை, இரண்டு நிமிடத்தில் முடியும். காணியை விட ஆபத்தானது அந்தக் கடதாசி.

அதை வாசித்தால் மூன்று இடங்களில் நில்லுங்கள். முதலாவது, ‘முதற்கடனாளியிடம் முதலில் அறவிட வேண்டும் என்ற உரிமையைக் கைவிடுகிறேன்’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதன் பின் வங்கி தம்பியையோ கம்பனியையோ துரத்தாமல் நேரே உங்களிடம் வரலாம். இரண்டாவது, தொகை. ‘கம்பனி இப்போதும் இனிமேலும் தர வேண்டிய எல்லாப் பணமும்’ என்றிருந்தால், இன்றைய ஐம்பது இலட்சக் கடனுக்கு மட்டுமில்லாமல் நாளை தம்பி எடுக்கப்போகும் லோறி லீசிங்குக்கும் நீங்கள் உத்தரவாதி. உச்சத் தொகை ஒன்றை எழுதச் சொல்லுங்கள். கேட்டால் எழுதுவார்கள், கேட்காவிட்டால் எழுத மாட்டார்கள். மூன்றாவது, முடிவு. பணிப்பாளர் பதவியிலிருந்து விலகினால் உத்தரவாதம் தானாக முடியாது. வங்கிக்குத் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும், அதன் பிறகும் அதுவரை ஏற்பட்ட கடனுக்குப் பொறுப்பு நிற்கும்.

1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி உரிமம் பெற்ற வங்கிகள் நீதிமன்றம் போகாமலே, தங்கள் பணிப்பாளர் சபைத் தீர்மானத்தின் பேரில், ஈடுவைத்த சொத்தை ஏலத்தில் விற்கலாம். ‘பராட்டே’ என்று பத்திரிகைகளில் வருவது இதுதான். 2006இல் ராமச்சந்திரன் வழக்கில் உயர் நீதிமன்றம், கடன்பெறாத மூன்றாம் ஆள் ஈடுவைத்த சொத்துக்கு இந்த வழி பொருந்தாது என்றது. அப்படிப்பட்டவரிடம் வங்கி வழக்குப் போட்டுத்தான் அறவிட வேண்டும். அடுத்த வருடமே இன்னொரு வழக்கில், கம்பனிக்குப் பின்னால் உண்மையில் நிற்பவர்கள் பணிப்பாளர்களே என்றால் அவர்கள் ஈடுவைத்த சொத்தை மூன்றாம் ஆளின் சொத்து என்று விலக்க முடியாது என்று தீர்ப்பானது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் வெறும் அக்காவாகக் காணியை ஈடுவைத்தால் சொல்ல ஒரு வாதம் இருக்கிறது. பணிப்பாளராகவும் கையொப்பமிட்டுவிட்டால் அந்த வாதத்தை நீங்களே பலவீனமாக்கிவிடுகிறீர்கள். வங்கி உங்களைப் பணிப்பாளராக விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இதன் பின் திருத்தங்களும் தீர்ப்புகளும் வந்திருக்கின்றன. ஈட்டுறுதி எழுதும் வங்கி நொத்தாரிசிடம் கேட்காமல், உங்களுக்காக மட்டும் பேசும் ஒரு சட்டத்தரணியிடம் வரைவைக் காட்டுங்கள்.

கம்பனி நட்டத்தில் போகும்போது பணிப்பாளருக்கு வரும் கடமைகள் இரண்டு. கடன்களை உரிய நேரத்தில் கட்ட முடியாத நிலை என்று நம்பினால் உடனே சபையைக் கூட்டி, கலைப்பதா, தொடர்வதா என்று முடிவெடுக்க வேண்டும் என்கிறது கம்பனிகள் சட்டத்தின் 219ஆம் பிரிவு. கூட்டாமல் தொடர்ந்து கடன் வாங்கி நடத்தி, பின்னர் கம்பனி கலைக்கப்பட்டால், கடன்கொடுத்தோரின் நட்டத்தை நீதிமன்றம் பணிப்பாளரிடம் தனிப்பட அறவிடலாம். 220 இன்னும் துல்லியமானது: தேறிய சொத்து (கடன்களைக் கழித்த மிச்சம்), கூறப்பட்ட மூலதனத்தின் (பங்குகளுக்காகப் போட்ட பணத்தின்) பாதிக்குக் கீழே போனால் 20 வேலை நாளுக்குள் பங்குதாரர் கூட்டத்துக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும், 40 வேலை நாளுக்குள் கூட்டம் நடக்க வேண்டும். இங்கே பெரும்பாலான கம்பனிகள் ஆயிரம் ரூபா மூலதனத்தில் பதிவாகி, மீதிக் காசு முழுவதையும் ‘பணிப்பாளர் கடன்’ என்று உள்ளே போடுகின்றன. அப்படியானால் முதல் வருடம் சில ஆயிரம் நட்டம் வந்தாலே 220 உயிர்பெறுகிறது, யாரும் கவனிப்பதில்லை. தம்பி உண்மையிலேயே ஐம்பது இலட்சம் போடுகிறார் என்றால் அதில் ஒரு கணிசமான பகுதியைப் பங்கு மூலதனமாகக் காட்டச் சொல்லுங்கள். வங்கியும் அதைத்தான் விரும்பும்.

எதிர்த்திசையில் காசு எடுப்பது தடை. கடைக் கல்லாவிலிருந்து வீட்டுச் செலவுக்கு எடுக்கும் பழக்கம் தனி வியாபாரத்தில் பிழையில்லை, எல்லாம் தம்பியின் காசு. கம்பனியானதும் அது கம்பனியின் காசு. பணிப்பாளருக்குக் கடன் கொடுப்பதைச் சில விதிவிலக்குகளோடு 217 தடுக்கிறது. சம்பளமாக எடுத்தால் வருமான வரி கழிக்க வேண்டும். பங்கிலாபமாக எடுத்தால், அதன் பிறகும் கம்பனியால் கடன்களைக் கட்ட முடியுமா என்று பார்க்கும் கடன்தீர் திறன் பரிசோதனை செய்து பணிப்பாளர்கள் சான்று ஒப்பமிட வேண்டும். அந்தச் சான்றிலும் உங்கள் கையொப்பம்தான்.

காசு தேவைப்பட்டால் சொந்தக்காரரிடமும் வெளிநாட்டு ஆட்களிடமும் மாதம் இரண்டு, மூன்று வீத வட்டிக்கு வாங்கிக் கம்பனிப் பற்றுச்சீட்டுக் கொடுப்பது இன்னொரு பழக்கம். ஒருவரிடம் கடன் வாங்குவது வேறு. பலரிடம் வைப்பாகப் பெறுவது 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித்தொழில் சட்டத்தில் உரிமமில்லாமல் செய்யக்கூடாத தொழில். கனடாவில் இருக்கிற மச்சான் பங்கு வாங்கி முதலிட விரும்பினால் அதற்கு நேரான வழி உண்டு: இங்குள்ள வங்கியில் உள்முக முதலீட்டுக் கணக்குத் திறந்து, வெளிநாட்டு நாணயத்தை அதனூடாகக் கொண்டுவந்தால் பிறகு பங்கிலாபத்தையும் விற்ற காசையும் அதே வழியில் திருப்பி எடுக்கலாம். கையில் கொண்டுவந்து கொடுத்த காசுக்கு அந்த வசதி இல்லை. வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர்களின் பங்கு 50% தொட்டால் கம்பனியின் பெயரில் காணி வாங்குவது 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தில் சிக்கும். இரட்டைக் குடியுரிமை எடுத்தவர்களுக்கு அந்தத் தடை இல்லை.

ஒழுங்குமுறை அதிகாரிகளைப் பொறுத்தவரை கல் செய்யும் இடத்தையும் மறக்க வேண்டாம். சுற்றாடல் பாதுகாப்பு உரிமம், பிரதேச சபை அனுமதி, மணல் ஏற்றும் ஒவ்வொரு தடவையும் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம். மணல் விற்றவரிடம் பத்திரம் இருக்கும் என்று நம்பி லோறியை அனுப்பினால் பிடிபடுவது லோறி. நிலத்தடி நீரில் இந்தக் குடாநாடு எவ்வளவு எளிதில் பாதிக்கப்படும் என்பதற்குச் சுன்னாகம் சாட்சி: கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், அங்கு மின்நிலையம் நடத்திய தனியார் கம்பனி பாதிக்கப்பட்ட மக்களுக்கு இரண்டு கோடி ரூபா இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவனே செலவைத் தாங்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

கம்பனியாவதால் சில தண்டங்கள் கூடவும் செய்யும். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை விதித்த உச்ச விலைக்கு மேல் விற்றால், 2021 திருத்தத்தின் பின் தனிநபருக்கு ஒரு இலட்சம் முதல் ஐந்து இலட்சம் வரை, கம்பனிக்கு ஐந்து இலட்சம் முதல் ஐம்பது இலட்சம் வரை. கடை வாசலில் குளிரூட்டியில் வைத்து விற்கும் தண்ணீர்ப் போத்தலுக்கும் 2025இலிருந்து உச்ச விலை உண்டு. ஒரு போத்தலில் இருபது ரூபா கூட வாங்கி ஐந்து இலட்சம் கட்டுவதை விட, அந்தக் குளிரூட்டியை எடுத்துவிடலாம். இலஞ்சமும் அப்படித்தான்: 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் பின், தனியார் கம்பனியின் கொள்வனவு அதிகாரிக்குக் ‘கொமிசன்’ கொடுத்து ஓடர் எடுப்பதும் குற்றமாகலாம். அரச அலுவலர் சம்பந்தப்பட வேண்டியதில்லை.

இவ்வளவும் பார்த்த பிறகு என் கருத்து: பங்கு எடுங்கள், பணிப்பாளராகாதீர்கள். தம்பி தனிப் பணிப்பாளராக இருக்கட்டும். காணியை ஈடுவைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், உச்சத் தொகை எழுதிய ஈட்டோடு மட்டும் நிறுத்துங்கள், தனிநபர் உத்தரவாதம் வேண்டாம் என்று கேளுங்கள். வங்கி இறங்காவிட்டால் கடன் தொகையைக் குறைக்கச் சொல்லிப் பாருங்கள்.

குடும்ப நிலைமையால் பணிப்பாளராகத்தான் வேண்டும் என்றால், குறைந்தது இவற்றைச் செய்யுங்கள். வங்கிக் கூற்றின் பிரதி ஒவ்வொரு மாதமும் உங்கள் மின்னஞ்சலுக்கு நேரே வரட்டும். மாதக் கடைசியில் சேமலாப நிதி, நம்பிக்கைப் பொறுப்பு நிதிப் பற்றுச்சீட்டுகளின் படம் வாட்ஸப்பில் வரட்டும். அவற்றை அழிக்காமல் சேர்த்து வையுங்கள், ‘உரிய கவனம்’ என்பதற்கு உங்கள் சான்று அதுதான். வற் (பெறுமதி சேர் வரி) பதிவு இருந்தால் அந்த 18% கம்பனியின் காசில்லை, அடுத்த மாதம் 20ஆம் திகதிக்குள் போக வேண்டியது. கம்பனி வருமான வரி காலாண்டுத் தவணைகள் ஆகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15ஆம் திகதி. வருமான வரி விபரத்திரட்டு நவம்பர் 30. பணிப்பாளர் சபை மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கூடி, எதிர்த்தால் எதிர்த்தது என்று குறிப்பில் எழுதப்பட வேண்டும். கோப்பாய்க் காணி உங்களுடையதாக இருந்து கம்பனிக்கு வாடகைக்குக் கொடுத்தால், அந்த ஈடுபாட்டைக் கம்பனிகள் சட்டத்தின் 192ஆம் பிரிவின்படி அறிவித்து ஈடுபாட்டுப் பதிவேட்டில் பதிய வேண்டும். கம்பனிப் பதிவாளருக்கு அனுப்பும் வருடாந்த விபரத்திரட்டு, அதாவது படிவம் 15, பிந்தாமல் போகிறதா என்று கம்பனிச் செயலாளரிடம் கேளுங்கள். செயலாளர் நிறுவனத்துக்குக் காசு கட்டாமல் விட்டால் அவர்கள் படிவத்தை அனுப்பாமல் நிறுத்தி வைப்பது வழமை. வருடக் கணக்கில் எதுவும் போகாத கம்பனியைப் பதிவாளர் பதிவேட்டிலிருந்து நீக்கலாம். நீக்கிய கம்பனியின் பெயரில் மிஞ்சிய சொத்து அரசைச் சேரும்.

விலக நேர்ந்தால் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். கையொப்பமிட்ட கடிதத்தைப் பதிவு அலுவலக முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வையுங்கள். 20 வேலை நாளுக்குள் கம்பனி படிவம் 20 அனுப்ப வேண்டும். அனுப்பப்பட்டதா என்பதைக் கம்பனிப் பதிவாளரின் இணையத்தளத்தில் கம்பனி இலக்கத்தைப் போட்டு நீங்களே பாருங்கள். அங்கே பெயர் மாறாமல் இருந்தால், தொழில் திணைக்களமும் வங்கியும் இறைவரித் திணைக்களமும் உங்களை இன்னும் பணிப்பாளராகத்தான் பார்க்கும். அப்போது விலகல் கடிதத்தின் பிரதியையும் தபால் பற்றுச்சீட்டையும் இணைத்துப் பதிவாளருக்கு நீங்களே எழுதுங்கள். வங்கிக்குப் போகும் கடிதம் வேறு, அதில் உத்தரவாதத்தின் இலக்கத்தையும் திகதியையும் குறிப்பிட்டு, இனிமேல் வழங்கும் எந்தக் கடனுக்கும் பொறுப்பில்லை என்று எழுதி, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள்.